ஆடு கட்டிய கூண்டு

2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை சில நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. செம்மங்குளம் பக்கம் ஒரு சிறுத்தை நடந்துபோவது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் காவிரிப் படுகையில் சிறுத்தை! பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மேற்கு மலைகளிலிருந்து அனுபவமுள்ள வனப்பணியாளர்கள் வந்து இறங்கினார்கள். ஓடைக்கரைகளில் தானியங்கி கேமராக்கள் கட்டப்பட்டன, ஆடு கட்டிய கூண்டுகள் வைக்கப்பட்டன. சிறுத்தை எந்தக் கூண்டுக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. பத்து நாள் போல ஆனதும் அரியலூர் மாவட்டம் செந்துறையில் இன்னொரு கேமராவில் முகம் காட்டிவிட்டுப் போனது. பிறகு போன இடம் தெரியவில்லை. ஆடுகள் சில செத்தன. மனிதர் ஒருவர் மேலும் அதன் நகம் படவில்லை.

அந்தப் பத்து நாளும் தொலைக்காட்சிகளில் ஓடியது ஒரே கேள்விதான்: ஊருக்குள் புகுந்த சிறுத்தை எப்போது பிடிபடும்? அந்தக் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. சிறுத்தை காட்டுக்குச் சொந்தமானது, ஊருக்குள் தென்பட்டால் வழிதவறி வந்தது என்று அர்த்தம் என்பது ஒன்று. பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டால் கதை முடிந்தது என்பது மற்றொன்று. இரண்டும் தப்பு. இது நேற்றுத் தெரிந்ததும் அல்ல. தெரிந்த பிறகும், எந்த ஊரில் சிறுத்தை தென்பட்டாலும் முதலில் வந்து நிற்பது கூண்டு ஏற்றிய வண்டிதான்.

ஜுன்னர் என்ற ஊரின் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதி. அணைகளும் கால்வாய்களும் வந்தபின் அந்த வட்டாரம் கரும்பு நாடாகிவிட்டது. கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். மாதக்கணக்கில் நிழலும் ஈரமும் தரும். நடுவே வீடுகள், ஆட்டுப்பட்டிகள், கணக்கில்லாத தெருநாய்கள். சிறுத்தைக்கு வேறென்ன வேண்டும்?

1993 முதல் 2001 வரை அந்த வனக்கோட்டத்தில் சிறுத்தைகள் மனிதரைத் தாக்கிய சம்பவங்கள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு. 2001இல் வனத்துறை பெரிய அளவில் கூண்டைக் கையில் எடுத்தது. ஊர்ப்பக்கம் பிடிபட்ட 29 சிறுத்தைகள் சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளி, காடுகளில் விடப்பட்டன. மக்கள் கேட்டதும் அதைத்தான், அரசியல்வாதிகள் கேட்டதும் அதைத்தான். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சகாக்களும் பிறகு கணக்குப் பார்த்தார்கள். தாக்குதல்கள் 325 விழுக்காடு கூடியிருந்தன. ஆண்டுக்கு நான்காக இருந்தது பதினேழாகியிருந்தது. தாக்குதலில் உயிர் போன விகிதமும் இரட்டித்து 36 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. சிறுத்தைகளை இறக்கிவிட்ட இடங்களின் அருகிலும் ஆட்கள் தாக்கப்பட்டார்கள்.

மருந்து கொடுத்த பிறகு காய்ச்சல் நான்கு மடங்கானால் எந்த வீட்டிலும் மருந்தை மாற்றுவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளங்கிக்கொள்ள வனவியல் பட்டம் தேவையில்லை, ஒரு கூண்டைக் கிட்டப்போய்ப் பார்த்தாலே போதும். இரும்புக் கம்பியடித்த இரண்டு அறை. பின்னறையில் ஆடு, நடுவே வலை. முன்னறைத் தரையில் மிதிபலகை. அதில் கால் பட்டதும் பின்னால் கதவு தடாலென்று விழும். உள்ளே மாட்டியது விடிய விடியக் கம்பியைக் கடிக்கும், கோரைப்பல் உடையும், முகமெல்லாம் கிழிந்து ரத்தமாகும். விடிந்தால் சுற்றிலும் நூறு பேர், கையில் கைப்பேசி. பிறகு லாரிப் பயணம், முன்பின் தெரியாத ஒரு காடு. அங்கே ஏற்கெனவே எல்லை பிரித்து வாழும் வேறு சிறுத்தைகள். ஊனப்பட்ட பல்லோடு, தண்ணீர் எங்கே, மறைவு எங்கே என்று தெரியாமல், மனிதர்மேல் இருந்த பயமும் குலைந்து நிற்கும் ஒரு வேட்டை விலங்கைத்தான் நாம் 'காட்டில் விடுவது' என்று சொல்லிக்கொள்கிறோம்.

பிடித்த இடத்தின் கதை இன்னும் மோசம். வளர்ந்த ஆண் சிறுத்தை ஒன்று தன் எல்லைக்குள் மற்ற ஆண்களை அண்ட விடாது. அதைத் தூக்கிவிட்டால் இடம் காலி. சில வாரங்களில் இளசுகள் வந்து சேரும். ஊர் நெளிவுசுளிவு தெரிந்த பழைய ஆள் போய், தெரியாத புது ஆட்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பூமா என்னும் பெரும்பூனைகளைப் பற்றிய ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது. அதிகம் சுட்டுத் தள்ளிய இடங்களில் அடுத்த ஆண்டு புகார்கள் குறையவில்லை, கூடின.

தூக்கிக்கொண்டு போய் விட்டதும் அங்கேயே இருக்கும் என்பதும் நம் ஆசைதான். 2009இல் அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த ஒரு முதிய ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்தில் கண்காணிப்புப் பட்டை மாட்டி, மால்சேஜ் கணவாயில் விட்டார்கள். மராத்தியில் தாத்தாவைக் குறிக்கும் 'அஜோபா' என்று அதற்குப் பெயர். தாத்தா ஒரு மாதம் போல நடந்தார். நெடுஞ்சாலையைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, கழிமுகத்தை நீந்தி, சுமார் 120 கிலோமீட்டர் கடந்து மும்பையை ஒட்டிய காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் ஒருவரையும் தொடவில்லை. 2011இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தார். அவர் பெயரில் ஒரு மராத்தித் திரைப்படமே வந்தது. மயிலாடுதுறைச் சிறுத்தை எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று வியந்தவர்கள் இந்த நடையை ஒரு முறை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது, 'காட்டில் இரை இல்லாததால் ஊருக்குள் வருகிறது' என்ற வாதம். கேட்க இதமாக இருக்கும், விலங்குமேல் பரிவும் தெரியும். ஆனால் மகாராஷ்டிரத்தின் அகோலே பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. அங்கே சொல்லிக்கொள்ளும்படி காடு இல்லை. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் வயல்வெளி. அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து சிறுத்தைகள் இருந்தன. கரும்பில் பிறந்து, கரும்பில் குட்டிபோட்டு வாழ்பவை. சாப்பாட்டில் முதல் இடம் நாய்க்கு. அவை எந்தக் காட்டிலிருந்தும் 'புகுந்தவை' அல்ல, அந்த ஊர்க்காரர்கள். ஆய்வு நடந்த காலத்தில் அங்கே மனித உயிர் ஒன்றும் போகவில்லை. சிறுத்தை இருப்பதும் ஆபத்து இருப்பதும் ஒன்று என்று எண்ணுவது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கே சாட்சி.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070. தேயிலைத் தோட்டம், கல்குவாரிக் குன்று, சோளக்காடு என்று மனித நடமாட்டம் உள்ள இடங்களிலும் இவை வாழ்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் பிடிப்பது என்று முடிவெடுத்தால் எத்தனை கூண்டு, எத்தனை லாரி, எந்தக் காடு?

பிடிபட்டது குற்றவாளிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. கூண்டு அடையாள அட்டை கேட்பதில்லை. பசித்த எந்தச் சிறுத்தையும் ஆட்டைப் பார்த்து உள்ளே வரும். 2024 செப்டம்பரில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டம் கோகுந்தாவில் அடுத்தடுத்து ஆட்கள் கொல்லப்பட்டபோது ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்தைகள் கூண்டில் விழுந்தன. சாவு நிற்கவில்லை. நம்மூரிலேயே இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வால்பாறை வேவர்லி எஸ்டேட்டில் எட்டு வயதுச் சிறுவன் இறந்தபோது சிறுத்தை கொன்றதாகத்தான் செய்தி பரவியது. உடற்கூறாய்வுக்குப் பிறகு, தாக்கியது கரடி என்று தெரியவந்தது. கரடிக்கு ஆட்டுக்கூண்டு வைத்து என்ன பயன்?

இவ்வளவும் படித்துவிட்டு, 'அப்படியானால் ஆளைக் கொல்லும் விலங்கையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை, இல்லை. மனிதரை இரையாகவே பார்க்கத் தொடங்கிவிட்ட விலங்கை அடையாளம் கண்டு அகற்றத்தான் வேண்டும். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 புலியை மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருவுக்கு அனுப்பினார்கள். உடலின் வரிகளைக் கேமராப் படங்களோடு ஒப்பிட்டு, இதுதான் அது என்று உறுதிசெய்துகொண்டு நடத்திய வேலை அது. அதைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வராது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்படிப்பட்ட நிலைக்கு வழி வைத்திருக்கிறது. குற்றம் செய்த ஒன்றைத் தேடிப் பிடிப்பது வேறு, கண்ணில் பட்ட ஒன்றைப் பிடித்துக் கணக்குக் காட்டுவது வேறு. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011இலேயே சிறுத்தை மோதலுக்கென்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கண்டபடி பிடித்து இடம் மாற்றுவதை விடச் சொல்கின்றன. வனச்சரகர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சாலையில் மறியலுக்கு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குக் காட்ட அவர்களிடம் வேறு பொருள் இல்லை, அதனால் கூண்டு வருகிறது.

அந்தக் கூட்டத்தின் கோபம் பொய்யில்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தை சிறுத்தைக்குப் பலியானது. அதே ஆண்டு அக்டோபரில் வால்பாறையில் ஆறு வயதுக் குழந்தை. 2025 ஜூனில் வால்பாறை பச்சமலை எஸ்டேட்டில் இன்னொரு பெண்குழந்தை. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று. மூன்றும் எஸ்டேட் தொழிலாளரின் பிள்ளைகள். மூன்று குடும்பங்களும் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவை. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா?

எஸ்டேட் லைன் வீட்டில் மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். தாய் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருப்பாள். அடுப்பு மூட்ட வேண்டும், பைப்பில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிள்ளை வாசலில் விளையாடும். வாசலிலிருந்து பத்தடியில் தேயிலை, இடுப்பளவு உயரம், அடியில் ஒரு விலங்கு படுத்திருந்தால் தெரியாத இருட்டு. தேயிலைக்கும் வீட்டுக்கும் நடுவே வெட்டாமல் விட்ட உன்னிப்புதர். விளக்குக் கம்பம் இருக்கலாம், பல்பு எரிவது அதிர்ஷ்டம். கழிப்பறை வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும், அல்லது புழங்கவே முடியாத நிலையில் இருக்கும். கறிக்கடைக் கழிவு வளைவில் கொட்டிக் கிடக்க, அதைச் சுற்றி நாய்கள், நாய்க்குப் பின்னால் சிறுத்தை. உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளை உயரத்திலும் அசைவிலும் சிறுத்தைக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாலே மனம் நடுங்குகிறது.

தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சுதாரிப்பு உண்டு. இருட்டுக்கு முன் பிள்ளைகளை உள்ளே அழைப்பது, நாய் விடாமல் குரைத்தால் கதவைச் சாத்துவது, புதர்ப்பக்கம் போகையில் சத்தமாகப் பேசிக்கொண்டு போவது எல்லாம் பாட்டி சொல்லி வந்த பழக்கம். அவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, அந்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள். அவர்களுக்கு இந்த மலை புதிது. ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லும் எச்சரிக்கையும் தமிழில் அடித்த துண்டறிக்கையும் அவர்களுக்கு எந்த விதத்தில் உதவும்? வந்து இறங்கிய முதல் நாளே அவர்கள் மொழியில், ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்வது யார் வேலை என்று கேட்டால், வனத்துறை தோட்ட நிர்வாகத்தைக் கைகாட்டும், நிர்வாகம் வனத்துறையைக் கைகாட்டும். இடையில் ஒரு கூண்டு வந்து நிற்கும். உயிர்போன குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்படும். இரண்டு நாளில் தொலைக்காட்சி மலை இறங்கிவிடும். பல்பு எரியாத கம்பம் அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில் எதிர் அணியையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'அவை நமக்கு முன்பே அங்கே இருந்தவை, மனிதன்தான் காட்டை ஆக்கிரமித்தான்' என்று நகரத்திலிருந்து பதிவிடும் இயற்கை ஆர்வலர்கள் இருக்கிறார்கள். வால்பாறையில் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். லைன் வீட்டுக்காரர்கள் கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், இன்றும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் 'நீ ஆக்கிரமிப்பாளர்' என்று சொல்வது அறியாமை மட்டுமல்ல, அழுக்கும்கூட. சிறுத்தையின் எதிரிகளைப் பெருக்குவதில் கூண்டுக் கட்சிக்கு இந்தக் கட்சி சளைத்ததில்லை.

தடுக்க முடியும் என்பதற்கு மும்பை இருக்கிறது. நகரத்துக்கு நடுவே ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டரில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. அதைச் சுற்றிக் குடிசைகளும் அடுக்குமாடிகளும். 2004 ஜூன் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ பத்து உயிர்கள் போயின. வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளை அந்தப் பூங்காவுக்குள் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். 2011இல் வன அதிகாரி சுனில் லிமாயே முன்னின்று, ஆய்வாளர்களையும் நகர மக்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சி தொடங்கியது. குப்பை, கழிப்பறை, தெருவிளக்கு, போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் பயிற்சி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல். பத்திரிகையாளர்களை உட்காரவைத்துப் பேசியதும் அதில் ஒரு பகுதி. சிறுத்தைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன, ஐம்பதுக்குக் குறையாமல். தாக்குதல் அடியோடு நிற்கவில்லை. 2017இலும் 2021இலும் ஆரே காலனிப் பக்கம் நடந்தன. ஆனாலும் 2004 திரும்பவில்லை.

'ஜுன்னரில் இப்போதும் சாகிறார்களே' என்று பதில் வரும். உண்மை. 2025இல் அதே வனக்கோட்டத்தின் ஷிரூர்ப் பகுதியில் அடுத்தடுத்து உயிர்கள் போயின. மக்கள் கொதித்தெழுந்தார்கள், மறுபடி கூண்டுகள் வந்தன. இந்த வட்டாரத்தில் கால் நூற்றாண்டாகக் கூண்டு புழக்கத்தில் இருக்கிறது. பிடித்ததை வைத்துப் பராமரிக்க மாணிக்டோ என்ற இடத்தில் தனி மையமே நடக்கிறது. கூண்டு ஊரைக் காக்கும் என்றால் இந்தியாவிலேயே பாதுகாப்பான இடம் அதுவாகத்தானே இருக்க வேண்டும்? கரும்பு மாறவில்லை, நாய்கள் குறையவில்லை, வயலுக்கு நடுவே தனித்திருக்கும் வீடுகள் அப்படியே இருக்கின்றன. அந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சிறுத்தையை மட்டும் கழித்துக்கொண்டே இருப்பது, ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் மாற்றி வைப்பது மாதிரி.

கூட்டம் கூடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காயம் படுவோரில் ஒரு பகுதியினர் வேடிக்கை பார்க்கப் போனவர்கள். 2018 ஜூனில் இலங்கையின் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை ஊரே சூழ்ந்தது. பத்துப் பேர் போலக் காயப்பட்டார்கள். கடைசியில் அதை அடித்தே கொன்றார்கள். செத்த உடலோடு எடுத்த படங்கள் உலகம் சுற்றின. ஒதுங்க வழி விட்டிருந்தால் இருட்டியதும் அது தானாகப் போயிருக்கக்கூடும்.

தடுப்பு என்பது தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சி இல்லை, அதுதான் அதன் துரதிர்ஷ்டம். புதர் வெட்டுவதை யார் நேரலையில் காட்டுவார்கள்? ஆட்டுக்கொட்டகைக்கு வலைக்கூரை போட்டதை எந்த அமைச்சர் திறந்துவைப்பார்? ஆடு மாடு செத்தால் இழப்பீடு அலையவிடாமல் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் செத்த மாட்டின் உடலில் விஷம் தடவப்படும். இறைச்சிக் கழிவு ஊர் எல்லையில் கொட்டப்படக் கூடாது. பள்ளியிலிருந்து எஸ்டேட்டுக்குப் பிள்ளைகள் தனியே நடந்து வரக் கூடாது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் வரை பிள்ளையை வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

இதில் எதுவும் புதிய கோரிக்கை அல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே வீடு, கழிப்பறை, குடிநீர், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக எழுதி வைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அந்தக் காப்பகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, அந்தக் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்றை மாவட்ட ஆட்சியர் கேட்டு வாங்கட்டும். அடுத்த முறை வால்பாறையில் சாலை மறியல் நடந்தால், கூட்டத்தில் நிற்பவர்களும் கூண்டுக்குப் பதில் அந்தப் பட்டியலைக் கேட்கட்டும்.